பைனாகுலர் வாங்கும்போது எத்தனை மடங்குங்கிறதை கடைசியா பாருங்க

நீங்க கேட்டதை ஒரு தடவ சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், அப்பதான் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். பறவை பாக்குறதுல புதுசா இறங்கியிருக்கீங்க, மூக்குக்கண்ணாடி போடுறவரு, 8×42 எடுக்கவா 10×42 எடுக்கவான்னு குழப்பம், நடுவுல 20×50, 10-30×50 ஜூம்னு வேற கண்ணுல பட்டிருக்கு, பெருசா காட்டுறதுதானே நல்லதுன்னு ஒரு சந்தேகம், அதோட பழசு கிடைச்சா வாங்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. நேரா பதில் வேணும்னா 8×42 எடுங்க, ஐ ரிலீஃப் (லென்ஸ்ல இருந்து கண்ணு எவ்வளவு தள்ளி இருக்கலாம்ங்கிற அளவு) 17 மி.மீ. அல்லது அதுக்கு மேல இருக்கட்டும், ஃபீல்ட் ஆஃப் வியூ (ஒரே நேரத்துல வட்டத்துக்குள்ள தெரியுற அகலம்) முடிஞ்சா 7 டிகிரிக்கு குறையாம இருக்கட்டும், ஜூம் பக்கமே போகாதீங்க. ஆனா ஏன்னு தெரியாம போனீங்கன்னா கடையில வேற ஒண்ணை கையில குடுத்து "இது இன்னும் பெருசா காட்டும்"னு சொன்னதும் மனசு மாறிடும், அதனால விரிவா சொல்றேன்.

முதல்ல அந்த நம்பர். 8ங்கிறது எத்தனை மடங்கு கிட்ட காட்டும்ங்கிறது, 42ங்கிறது முன்னாடி இருக்குற பெரிய லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 80 மீட்டர் தள்ளி உக்காந்திருக்குற பறவையை 8 மடங்குல பாத்தா 10 மீட்டர்ல இருக்குற மாதிரி தெரியும், 10 மடங்குல பாத்தா 8 மீட்டர்ல இருக்குற மாதிரி தெரியும். வித்தியாசம் அந்த ரெண்டு மீட்டர்தான். அதுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்குறோம்னு பாக்கணும்.

பெருசா போறது அகலம். 20 மீட்டர் தள்ளி ஒரு மரம், இலைக்குள்ள ஒரு கதிர்க்குருவி, ரொம்ப சின்னது, ஒரு கிளையில ரெண்டு செகண்டுக்கு மேல நிக்காதுன்னு வச்சுக்கங்க. ஏழரை டிகிரி அகலம் காட்டுற 8 மடங்கு பைனாகுலர்ல அந்த மரத்துல சுமாரா 2.6 மீட்டர் அகலத்துக்கு வட்டமா தெரியும். 6 டிகிரி காட்டுற 10 மடங்குல 2.1 மீட்டர். அரை மீட்டர்தானேன்னு தோணும், ஆனா வட்டத்தோட பரப்பு கணக்கு போட்டா முதல்ல சொன்னதுல ஒன்றரை மடங்கு இடம் தெரியுது. குருவி ஒரு கிளை தாவினாலும் வட்டத்துக்குள்ளயே இருக்கும், வெளிய போனாலும் எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியும். 20×50ல சுமார் 3 டிகிரிதான் கிடைக்கும், அதாவது அதே மரத்துல ஒரு மீட்டர் சொச்சம், அதுக்குள்ள குருவியைத் தேடிப் புடிக்கிறதுக்குள்ள அது அடுத்த மரத்துல இருக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க சலிச்சுப் போய் பைனாகுலரை அலமாரியில வைக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன், பறவை சின்னதா தெரியுறதால யாரும் விட்டுட்டுப் போறதில்ல, பறவையே கண்ணுல சிக்காததாலதான் விட்டுட்டுப் போறாங்க.

அடுத்தது கை நடுக்கம். பைனாகுலர் பறவையை எத்தனை மடங்கு பெருசாக்குதோ உங்க கை ஆட்டத்தையும் அத்தனை மடங்கு பெருசாக்கும். 8ல பெரும்பாலும் யாருக்கும் பிரச்சனை இல்ல, 10ல சிலருக்கு கொஞ்சம் ஆடும், அதுவும் மேடு ஏறி மூச்சு வாங்கும்போதோ ஒரு மணி நேரம் கை தூக்கி வச்சிருந்த அப்புறமோ நல்லாவே ஆடும், 12க்கு மேல போனா ட்ரைபாட் இல்லாம இறகுல இருக்குற நுணுக்கமெல்லாம் தெரியாது. ஆடாத 8 மடங்குல தெரியுற விவரம் ஆடுற 12 மடங்குல தெரியாது, இதை ரெண்டையும் கையில வச்சுப் பாத்தவங்களுக்கு சொல்லவே வேண்டாம். இன்னொண்ணு, மடங்கு கூடக்கூட ஒரே நேரத்துல தெளிவா தெரியுற ஆழம் குறையும், அதனால பறவை கொஞ்சம் முன்ன பின்ன நகர்ந்தாலே ஃபோகஸ் வீலை திருப்பிக்கிட்டே இருக்கணும். மத்தியான வெயில்ல தரையில இருந்து கிளம்புற சூட்டு அலையும் சேந்து பெருசாகும், அந்த நேரத்துல 10 மடங்கும் 8 மடங்கும் ஒரே விவரம்தான் காட்டும்.

அப்போ 10×42 யாருக்கு? திறந்தவெளியில பாக்குறவங்களுக்கு. ஏரிக்கரை, கடற்கரை, வானத்துல வட்டமடிக்கிற கழுகுன்னு பறவை தூரமா இருக்கும், மறைவு இருக்காது, கண்டுபுடிக்கிறது கஷ்டமில்ல, அடையாளம் சொல்றதுதான் கஷ்டம், அங்க அந்தக் கூடுதல் ரெண்டு மடங்கு உதவும். கை ஸ்திரமா இருக்கணும். மரம், புதர், காடுன்னு சுத்துறவங்களுக்கும், எங்க போவோம்னு இன்னும் முடிவாகாதவங்களுக்கும் 8தான். உள்ளான் மாதிரி அரை கிலோமீட்டர் தள்ளி சேத்துல மேயுறதெல்லாம் பாக்கணும்னா 10ம் பத்தாது, அதுக்கு ஒத்தைக் குழாயா இருக்குற ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வேணும், 20-60 மடங்கு, முன் லென்ஸ் 65ல இருந்து 85 மி.மீ. வரைக்கும், ட்ரைபாட் மேல வச்சுப் பாக்குறது. அந்த வேலையை பைனாகுலர் தலையில கட்டாதீங்க.

ஃபீல்ட் ஆஃப் வியூ எழுதியிருக்குற விதத்துல ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். சிலர் டிகிரியில போடுவாங்க, சிலர் 1000 மீட்டர் தூரத்துல எத்தனை மீட்டர் அகலம்னு போடுவாங்க, சிலர் 1000 கஜத்துல எத்தனை அடின்னு போடுவாங்க. ஒரு டிகிரிங்கிறது சுமாரா பதினேழரை மீட்டர், அடிக்கணக்குல ஐம்பத்திரண்டரை, இதை மனசுல வச்சுக்கிட்டா எதையும் எதோடயும் ஒப்பிடலாம். 60 டிகிரி, 65 டிகிரின்னு போட்டிருந்தா அது வேற அளவு, கண்ணுக்கு அந்த வட்டம் எவ்வளவு விரிஞ்சு தெரியும்ங்கிறது, அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. ஒரே 8×42ன்னாலும் அகலம் ஒண்ணா இருக்காது. நிக்கான் மொனார்க் எம்5 8×42ல 6.4 டிகிரி, அதே கம்பெனியோட மொனார்க் எம்7 8×42ல 8.3 டிகிரி, ஸ்வரோவ்ஸ்கி என்எல் ப்யூர் 8×42ல 9 டிகிரியைத் தாண்டுது. பெட்டி மேல மூணுலயும் அதே 8×42தான் இருக்கும்.

இப்ப உங்களுக்கு ரொம்ப முக்கியமான விஷயம், மூக்குக்கண்ணாடி. கண்ணாடி போடுறவங்க மத்த எல்லாத்தையும் விட முதல்ல பாக்க வேண்டியது ஐ ரிலீஃப்தான். பைனாகுலரோட கண் பக்க லென்ஸ்ல இருந்து எவ்வளவு தூரத்துல கண்ணை வச்சா முழு வட்டமும் தெரியும்ங்கிற அளவு அது. கண்ணாடி போட்டிருந்தா கண்ணு தானாவே தள்ளித்தான் இருக்கும், ஐ ரிலீஃப் 10, 12 மி.மீ. இருக்குற பைனாகுலர்ல பாத்தா நடுவுல ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும், ஓரமெல்லாம் போயிடும், நீங்க காசு குடுத்து வாங்கின அகலத்துல பாதிதான் கைக்கு வரும். 15 மி.மீ. குறைஞ்சபட்சம், 17, 18 இருந்தா நிம்மதி. ஆனா கம்பெனி எழுதுற அளவு லென்ஸ் பரப்புல இருந்து அளந்தது, ஐகப்போட (கண்ணு வைக்கிற இடத்துல ஏத்தி இறக்குற வளையம்) விளிம்புல இருந்து அளந்தது இல்ல. லென்ஸ் உள்ள தள்ளி உக்காந்திருந்தா அதுல ரெண்டு மூணு மி.மீ. வீணாப் போகும். அதனால 16ன்னு போட்ட ஒண்ணு உங்களுக்கு சரியா இருக்கலாம், 17ன்னு போட்ட இன்னொண்ணு பத்தாம போகலாம், உங்க கண்ணாடி முகத்துல எவ்வளவு ஒட்டி உக்காருதுங்கிறதையும் பொறுத்தது.

அதுக்கு டெஸ்ட் இருக்கு, ரொம்ப சுலபம். ஐகப்பை முழுசா கீழ இறக்கிடுங்க, கண்ணாடி போட்டபடியே பாருங்க, தெரியுற வட்டத்தோட ஓரத்துல கூர்மையா ஒரு கறுப்பு விளிம்பு சுத்தி முழுசா தெரியணும். அந்த விளிம்பு தெரிஞ்சா முழு அகலமும் உங்களுக்கு கிடைக்குதுன்னு அர்த்தம். விளிம்பு மங்கலா இருந்தாலோ, கண்ணை இப்படி அப்படி உருட்டினாத்தான் தெரியுதுன்னாலோ அது உங்களுக்கான பைனாகுலர் இல்ல, எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் சரி. இங்க ஒரு இழுபறி இருக்கும், மேல சொன்ன எம்5ல அகலம் கம்மி ஆனா ஐ ரிலீஃப் 19.5 மி.மீ., எம்7ல அகலம் அதிகம் ஆனா 17.1. ரெண்டையும் தாராளமா குடுக்கணும்னா கண் பக்க லென்ஸெல்லாம் பெருசா, சிக்கலா செய்யணும், அதனாலதான் விலை கூடிக்கிட்டே போகுது. உங்களுக்கு 17.1 பத்துதுன்னா அகலமானதை எடுங்க, பத்தலைன்னா அகலத்தை விட்டுக்கொடுங்க, பேப்பர்ல 8.3 டிகிரி இருந்து கண்ணுக்கு 6 டிகிரிதான் வருதுன்னா என்ன பிரயோஜனம்.

கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்னா ஃபோகஸ் வீலே பெரும்பாலும் சரி பண்ணிடும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசத்துக்குக் குடுக்குற பவர்) கொஞ்சம் கூடுதலா இருந்தா சரி பண்ணாது, படம் இழுத்த மாதிரி தெரியும். அதோட பறவையைத் தேடும்போது கண்ணாடி வேணும், பைனாகுலரைத் தூக்கும்போது கழட்டணும், மறுபடி போடணும், இந்த சர்க்கஸ்ல பறவை போயிடும். படிக்கிறதுக்கு மட்டும் கண்ணாடி போடுறவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல, அவங்க ஐகப்பை மேல ஏத்தி வச்சுக்கிட்டா போதும். கண்ணாடி இல்லாம பாக்கும்போது அவரைக்கொட்டை வடிவத்துல கறுப்பு நிழல் வந்து வந்து போச்சுன்னா கண்ணு ரொம்ப கிட்ட போயிடுச்சுன்னு அர்த்தம், ஐகப்பை ஒரு படி ஏத்துங்க.

முன் லென்ஸ் 42 ஏன், 25 ஏன் கூடாது? பைனாகுலரை ஒரு கை நீளம் தள்ளிப் புடிச்சு வெளிச்சமான வானத்தைப் பாக்க வையுங்க (சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பைனாகுலர் வழியா ஒரு கணம் சூரியனைப் பாத்தாலும் கண்ணு நிரந்தரமா கெடும்). கண் பக்க லென்ஸுல ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும், அதுக்கு எக்ஸிட் ப்யூப்பில்னு பேரு. 42ஐ 8ஆல வகுத்தா 5.25 மி.மீ., அதுதான் அந்த வட்டத்தோட விட்டம். 10×42ல 4.2, 8×32ல 4, 10×25ல 2.5. நல்ல வெயில்ல நம்ம கண்மணி ரெண்டு மூணு மி.மீ.தான் திறந்திருக்கும், அப்ப எல்லா பைனாகுலரும் ஒரே வெளிச்சமாத்தான் தெரியும், கடையில ட்யூப்லைட் வெளிச்சத்துல வித்தியாசமே தெரியாம போறதும் இதனாலதான். விடியக்காலையிலயும் சாயங்காலமும் அடர்ந்த மரநிழல்லயும் கண்மணி விரியும், சின்ன வயசுல 7 மி.மீ. வரைக்கும் போகும், வயசாக ஆக 5 பக்கம் வந்துடும். பறவைங்க சுறுசுறுப்பா இருக்குற நேரமும் அந்த விடியக்காலைதான், அங்க 10×25 இருட்டா ஆயிடும். வட்டம் பெருசா இருந்தா இன்னொரு சௌகரியம், கண்ணை கொஞ்சம் தப்பா வச்சாலும் படம் கறுத்துப் போகாது, அவசரமா தூக்கும்போது இதோட அருமை தெரியும்.

எடைதான் 42ல குறை. 8×42 பொதுவா 600ல இருந்து 800 கிராம் வரைக்கும் வரும், 8×32 ஐநூறு அறுநூறுக்குள்ள அடங்கிடும். கழுத்து வலி இருக்கிறவங்க, நிறைய நடக்குறவங்க 8×32ஐ தாராளமா யோசிக்கலாம், அகலமும் பல சமயம் கூடுதலா இருக்கும், அந்தி நேரத்துல கொஞ்சம் பின்தங்கும் அவ்வளவுதான், ஆனா கண்ணாடி போடுறவங்க 32ல ஐ ரிலீஃப்பை ரெண்டு தடவ பாருங்க, பலதுல 15, 16தான் இருக்கும். எதை வாங்கினாலும் கூட வர்ற மெல்லிசு கழுத்து வாரை மாத்திட்டு ரெண்டு தோள்லயும் மாட்டுற ஹார்னஸ் ஒண்ணு வாங்கிடுங்க, 700 கிராம் கழுத்துல இருக்குறதே தெரியாது.

ப்ரிஸம் (தலைகீழா வர்ற படத்தை நிமித்துற உள் கண்ணாடிக் கட்டி), கோட்டிங் (லென்ஸ், ப்ரிஸம் மேல இருக்குற பூச்சு) பத்தியும் தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா ஒரே 8×42 ஒண்ணு தெளிவாவும் ஒண்ணு மங்கலாவும் இருக்குறதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு. பழைய மாடல் மாதிரி முன்னாடி அகலமா, படி வச்ச மாதிரி இருக்குறது போரோ ப்ரிஸம், இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ 1854ல காப்புரிமை வாங்கினது. நேரா ரெண்டு குழாய் மாதிரி இருக்குறது ரூஃப் ப்ரிஸம், இப்ப பெரும்பாலும் இதுதான் வருது, கைக்கு அடக்கமா இருக்கும், தண்ணி புகாம அடைக்கிறதும் சுலபம். ஆனா ரூஃப் ப்ரிஸம்ல ஒரு சிக்கல் இருக்கு. உள்ள வர்ற வெளிச்சம் கூரை மாதிரி இருக்குற முனையில ரெண்டாப் பிரிஞ்சு திரும்ப சேரும்போது ரெண்டு பாதியும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாம படத்தோட கூர்மையைக் கெடுக்கும். இதை சரி பண்ணத்தான் ஃபேஸ் கோட்டிங், ஜைஸ் 1988ல கொண்டு வந்தது. இன்னைக்கு நடுத்தர விலை பைனாகுலர்லயே இது இருக்கு, ரொம்ப மலிவான ரூஃப்ல இருக்காது. அதோட அதிகமா பயன்படுற ஷ்மிட்-பெக்கான் வகை ரூஃப்ல ஒரு பரப்புக்கு முகம் பாக்குற கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்புற பூச்சு வேணும், அது அலுமினியம்னா 90 சதவீதம் பக்கம்தான் வெளிச்சம் திரும்பும், டைஎலெக்ட்ரிக்னா (உலோகம் இல்லாத பல அடுக்குப் பூச்சு) 99க்கு மேல. போரோவுக்கு இந்த ரெண்டு செலவுமே கிடையாது. அதனால பட்ஜெட் ரொம்ப கம்மின்னா அதே காசுக்கு போரோலதான் படம் நல்லா இருக்கும், கோவா ஒய்எஃப் 8×30 மாதிரி சின்ன போரோ எல்லாம் ஆரம்பிக்கிறவங்களுக்கு அருமையான சாமான், கண்ணாடி போடுறவங்க மட்டும் முன்னாடி சொன்ன விளிம்பு டெஸ்டைப் பண்ணிட்டு எடுங்க.

கோட்டிங் கணக்கு இன்னும் சுவாரசியம். பூச்சு இல்லாத லென்ஸ் பரப்பு ஒவ்வொண்ணும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சிடும். ஒரு குழாய்ல பத்து பரப்பு இருந்தா கடைசியா கண்ணுக்கு வர்றது 66 சதவீதம்தான், போன மிச்சம் சும்மா போகாம உள்ளயே சுத்தி படத்தை வெளிறடிக்கும். ஜைஸ்ல வேலை பாத்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935ல கண்டுபுடிச்ச பூச்சுதான் இதைக் குறைச்சது, இப்ப பல அடுக்குப் பூச்சுல ஒரு பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் கீழ வந்துடுச்சு. பெட்டியில "கோட்டட்"னு மட்டும் போட்டிருந்தா ஏதோ ஒரு பரப்புல ஒரு அடுக்கு இருக்குன்னு அர்த்தம், "மல்ட்டி கோட்டட்"னா சில பரப்புல பல அடுக்கு, "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்"னு இருந்தாத்தான் எல்லா பரப்புலயும் பல அடுக்கு. அந்த "ஃபுல்லி"ங்கிற வார்த்தையைத் தேடுங்க. முன் லென்ஸ் செக்கச்செவேல்னு மாணிக்கக் கல்லு மாதிரி ஜொலிச்சா அதை வச்சுட்டு வந்துடுங்க, சிவப்பு வெளிச்சத்தை அது வெளியவே திருப்பி விடுது, பறவையோட நிறமே மாறித் தெரியும், நமக்கு நிறம்தான் அடையாளமே.

லென்ஸ் செய்யுற ஈடி கண்ணாடின்னு ஒண்ணு பெருசா விளம்பரம் பண்ணுவாங்க. வெள்ளை வானத்துக்கு எதிர்ல மொட்டைக் கிளையில ஒரு காக்கா உக்காந்திருந்தா அதோட ஓரத்துல ஊதாவோ பச்சையோ ஒரு கோடு தெரியும் பாருங்க, அதைக் குறைக்கிறதுக்குத்தான் ஈடி. நல்லதுதான், ஆனா அந்த ரெண்டு எழுத்தை மட்டும் வச்சு வாங்காதீங்க, சுமாரா செஞ்ச ஈடியை விட ஒழுங்கா செஞ்ச சாதாரண லென்ஸ் நல்லா இருக்கும்.

தண்ணி புகாததா, உள்ள நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பினதா பாத்துக்கங்க, இல்லைன்னா குளிர்ல இருந்து சூட்டுக்கு வரும்போது உள்பக்கம் ஆவி படிஞ்சு நிக்கும், துடைக்கவும் முடியாது. எவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகும்னும் பாருங்க, 2 மீட்டர் இருந்தா பட்டாம்பூச்சி, தும்பி எல்லாமும் பாக்கலாம், 4, 5 மீட்டர்னா காலடியில வர்ற பறவைக்கு நீங்க பின்னாடி போகணும். பூச்சிதான் முக்கியம்னா பென்டாக்ஸ் பாப்பிலியோ அரை மீட்டர் வரைக்கும் வரும், ஆனா முன் லென்ஸ் 21 மி.மீ.தான், பறவைக்கு அதுவே ஒரே பைனாகுலரா இருக்க முடியாது.

ஜூம் ஏன் வேண்டாம்னா, 10-30ன்னு போட்ட ஒண்ணுல 10ல வச்சுப் பாத்தாலே அகலம் சாதாரண 10 மடங்கை விட ரொம்ப குறுகலா இருக்கும், 30ல போனா இருட்டு, நடுக்கம், அதோட ரெண்டு குழாயும் ஜூம் ஆகும்போது ஒரே மாதிரி நகரணும், அது மலிவான சாமான்ல நடக்காது, தலைவலிதான் வரும். ஃபோகஸே பண்ண வேண்டாம்னு ஒண்ணு விப்பாங்க, அதுல கிட்ட இருக்குற பறவை தெளிவாத் தெரியாது. 100 மடங்கு, 180×100ன்னு எழுதியிருந்தா ஒரு ஸ்கேல் எடுத்து முன் லென்ஸை அளந்து பாருங்க, 100 மி.மீ.ன்னு போட்டது 40 கூட இருக்காது. கை நடுக்கத்தை நிறுத்துற ஸ்டெபிலைசர் வச்சது கேனான் 1995ல இருந்து விக்குறாங்க, நிஜமாவே வேலை செய்யும், கை நடுக்கம் உள்ள பெரியவங்களுக்கு வரப்பிரசாதம், ஆனா எடை, பேட்டரி, விலை மூணும் சேரும்.

கம்பெனி பேரு கேட்டா, செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ், நிக்கான் ப்ரோஸ்டாஃப் எல்லாம் கீழ் படி, நிக்கான் மொனார்க், வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் ஹெச்டி மாதிரி நடு படி, ஸ்வரோவ்ஸ்கி, ஜைஸ், லைகா மூணும் உச்சம். கீழ் படிக்கும் நடு படிக்கும் இருக்குற வித்தியாசம் யாருக்கும் தெரியும். நடுவுக்கும் உச்சத்துக்கும் விலை பல மடங்கு ஏறும், படம் அந்த அளவுக்கு ஏறாது, ஆனா ஓரம் வரைக்கும் இருக்குற தெளிவு, அந்தியில கடைசி பத்து நிமிஷம், நாள் முழுக்க பாத்தாலும் கண்ணு களைக்காததுன்னு வித்தியாசம் நிஜமாவே இருக்கு. ஆரம்பத்துல நடு படியே தாராளம்.

கடைக்குப் போனா ட்யூப்லைட்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, வெளிய கொண்டு வந்து பாக்க விடச் சொல்லுங்க. ஃபோகஸ் வீல் திருப்பும்போது திக்கித் திக்கிப் போகக்கூடாது, எதிர்ப்பக்கம் திருப்பினா வெறுமனே சுத்திட்டு அப்புறம் பிடிக்கக்கூடாது. ரெண்டு கண்ணுலயும் பாத்தா ஒரே வட்டமா, ஒரே படமா தெரியணும். கண்ணை இழுக்குற மாதிரி ஒரு உணர்வு வந்தா ரெண்டு குழாயும் நேர்கோட்டுல இல்லைன்னு அர்த்தம், அதே மாடல்ல வேற ஒண்ணு கேளுங்க. குழந்தைக்கும் சேத்து வாங்குறீங்கன்னா ரெண்டு குழாயையும் முழுசா மடக்கி அவங்க கண்ணு இடைவெளிக்கு வருதான்னு பாருங்க, பெரியவங்களுக்கு செஞ்ச பலது அந்த அளவுக்கு மடங்காது.

வாங்கிட்டு வந்த உடனே செய்ய வேண்டியது டயாப்டர் செட் பண்றது, நிறைய பேரு இதைப் பண்ணாமலேயே பைனாகுலரைக் குறை சொல்லுவாங்க. நம்ம ரெண்டு கண்ணும் ஒரே பவர்ல இருக்காது, அதை சமன் பண்றதுக்கு வலது கண் பக்கத்துல ஒரு வளையம் இருக்கும், சில மாடல்ல நடு வீல்லயே இருக்கும். முதல்ல குழாய் ரெண்டையும் மடக்கி ரெண்டு வட்டமும் ஒண்ணாகுற மாதிரி வைங்க. முப்பது நாப்பது மீட்டர் தள்ளி எழுத்து இருக்குற ஒரு பலகையைப் பாருங்க. வலது முன் லென்ஸை உள்ளங்கையால மூடுங்க, கண்ணு ரெண்டும் திறந்தே இருக்கட்டும், நடு வீலைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து கூர்மையா வர்ற வரைக்கும் சரி பண்ணுங்க. இப்ப கையை மாத்தி இடது முன் லென்ஸை மூடுங்க, நடு வீலைத் தொடவே கூடாது, அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்கு கூர்மையாக்குங்க. கையை எடுத்துட்டுப் பாத்தா எழுத்து பளிச்னு எழும்பி நிக்கும். வளையத்துல அந்தக் குறி எங்க இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கங்க, வேற யாராவது வாங்கிப் பாத்துட்டுத் திருப்பினா மறுபடி அங்கயே வைக்கலாம். இதுக்கு அப்புறம் நடு வீல் மட்டும்தான்.

பறவையைப் புடிக்கிறதுக்கு ஒரே வழி, பறவை மேல இருந்து கண்ணை எடுக்காம பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வர்றது. கீழ குனிஞ்சு பைனாகுலரைப் பாத்துட்டு நிமிர்ந்தா போச்சு. வீட்டு ஜன்னல்ல இருந்தே மைனா, புறான்னு நாலு நாள் தூக்கித் தூக்கிப் பழகுங்க, கை தானா வந்துடும்.

துடைக்கும்போது சட்டை நுனியால துடைக்காதீங்க, லென்ஸ்ல இருக்குற மணல் துகள் பூச்சைக் கீறிடும், முதல்ல ஊதி தூசியை வெளியேத்துங்க, அப்புறம் மெல்லிசு பிரஷ், கடைசியாத்தான் மைக்ரோஃபைபர் துணி. ஈரமான ஊர்ல இருக்கிறவங்க தோல் பைக்குள்ள மாசக்கணக்குல பூட்டி வைக்காதீங்க, காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, லென்ஸ்ல பூஞ்சை புடிச்சா பூச்சையே தின்னுடும்.

கடைசியா பழசு வாங்குறது. வாங்கலாம், நல்ல பைனாகுலர் பல வருஷம் உழைக்கும், புதுசுல கைக்கு எட்டாத ஒண்ணு பழசுல எட்டும். ஆனா நேர்ல பாக்காம வாங்காதீங்க. முன் லென்ஸ் வழியா டார்ச் அடிச்சு கண் பக்கத்துல இருந்தும், அப்புறம் மாத்தி அடிச்சும் பாருங்க, பஞ்சு நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிஞ்சா பூஞ்சை, வேண்டாம்னு சொல்லிடுங்க. லேசா தூசி இருந்தா பரவாயில்ல, படத்துல தெரியாது. அடுத்தது குழாய் ரெண்டும் நேரா இருக்கான்னு பாக்கணும். தூரத்துல ஒரு மின்கம்பியையோ மொட்டைமாடிச் சுவரோட மேல் விளிம்பையோ பாத்துக்கிட்டே பைனாகுலரை மெதுவா கண்ணுல இருந்து பத்துப் பதினஞ்சு சென்டிமீட்டர் முன்னாடி தள்ளுங்க. வட்டம் ரெண்டாப் பிரியும், ஆனா ரெண்டுலயும் அந்தக் கோடு ஒரே மட்டத்துல இருக்கணும். ஒண்ணுல ஏறி ஒண்ணுல இறங்கியிருந்தா எங்கயோ விழுந்து ப்ரிஸம் நகர்ந்திருக்கு, சரி பண்ற செலவுக்குப் புதுசே வந்துடும். ரூஃப் ப்ரிஸம் வகைன்னா 1988க்கு முன்னாடி செஞ்சது எந்தப் பெரிய கம்பெனியா இருந்தாலும் ஃபேஸ் கோட்டிங் இருக்காது, அதுக்கு அப்புறம் வந்ததுலயும் மாடலைக் கேட்டு உறுதி பண்ணிக்கங்க. பழைய போரோ படத்துக்கு நல்லா இருக்கும், ஆனா அந்தக் காலத்துது பலதுல ஐ ரிலீஃப் ரொம்ப கம்மி, உங்களை மாதிரி கண்ணாடி போடுறவங்களுக்குப் பாதி வட்டம்தான் தெரியும், அதனால உங்களுக்கு யாராவது பழைய போரோ குடுத்தா ஐகப்பை மடிச்சு விட்டு அந்தக் கறுப்பு விளிம்பு தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.